காற்று எந்தப் பக்கம்?

நாற்பது வயதுக்கு மேல் ஒருவன் வீணை கற்றுக்கொண்டால் பாராட்டுகிறார்கள். சம்ஸ்கிருதம் படித்தால் ஆசீர்வதிக்கிறார்கள். தனியார் விமானி உரிமத்துக்குப் படிக்கிறேன் என்றால் மட்டும், வீட்டில் ஏதாவது மனஸ்தாபமா என்று விசாரிக்கிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஆகாய விமானம் எதற்கு என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதில்லை. என்னைப் பேனா எடுக்க வைத்தது வேறொரு கேள்வி. அதைக் கேட்டவர் திருநின்றவூர் ரயில் நிலையத்தில் எனக்குப் பழக்கமான ஒரு நண்பர். நன்றாகப் படித்தவர், நல்ல உத்தியோகம் பார்ப்பவர். என் மடியில் விரித்திருந்த வரைபடத்தையும் பாகைமானியையும் அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, “இதெல்லாம் செல்போனே சொல்லிவிடுமே, ஸார்! இதற்கு ஒரு பரீட்சை வேறு வைக்கிறார்களா?” என்றார்.

அவர் விளையாட்டாகக் கேட்டார். அதே அபிப்பிராயத்தை வியாபாரமாகவே நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு முன்னால் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன்.

ஜே. ஆர். டி. டாடா 1929-ஆம் ஆண்டில் இந்தியாவின் முதல் விமானி உரிமத்தை வாங்கினார். இன்று பத்தாம் வகுப்புத் தேறிய, பதினேழு வயது நிரம்பிய எவரும், உடற்பரிசோதனையில் தேறினால், தனியார் விமானி உரிமத்துக்கு முயலலாம். 40 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். அதில் ஒரு பிரயாணம் தன்னந்தனியாக, 150 கடல் மைலுக்குக் குறையாமல், இடையில் இரண்டு வேற்று நிலையங்களில் இறங்கி ஏறி முடிக்க வேண்டும். எழுத்துப் பரீட்சையில் 70 சதவிகிதம் வாங்க வேண்டும். அந்தப் பரீட்சையின் பாடங்களில் ஒன்றுதான் வழி காணும் பாடம். நான் பட்டதாரி அல்ல. கணக்கில் புலியும் அல்ல. ஆனாலும் சொல்கிறேன்: இத்தனை அழகான பாடத்தை நான் எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை.

எங்கள் பயிற்சி வகுப்பில் கொடுத்த கணக்கு ஒன்றைப் பாருங்கள். மீனம்பாக்கத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வரைபடத்தில் நேர்க்கோடு போட்டால் ஏறக்குறைய 160 கடல் மைல். கோட்டின் திசை, வடக்கிலிருந்து வலமாக அளந்தால், 212 பாகை. அதாவது தென்மேற்கு. விமானம் காற்றுக்குள் மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் போகிறது. காற்று மேற்கிலிருந்து, மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் வீசுகிறது. ஆனி ஆடியில் தமிழ்நாட்டில் வீசாத காற்றா?

காற்றைப் பற்றிக் கவலைப்படாதவன் மூக்கை 212 பாகைக்குத் திருப்பி வைத்து, 160 மைலுக்கு 96 நிமிடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு புறப்படுவான். 96-ஆவது நிமிடத்தில் உச்சிப்பிள்ளையாரைத் தேடிக் கீழே குனிந்து பார்ப்பான். பிள்ளையார் இருக்க மாட்டார். ஏனென்றால், அந்த 96 நிமிடமும் காற்று அவனை மெல்ல மெல்லக் கிழக்கே தள்ளி, 32 கடல் மைல் அப்பால் கொண்டுபோய் விட்டிருக்கும். திருச்சிக்குப் புறப்பட்டவன் தஞ்சாவூரையும் தாண்டிப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கிழக்கே நெல்வயல்களின் மேல் நின்றுகொண்டிருப்பான். விமானத்துக்கு ஒரு கோளாறும் இல்லை. திசைகாட்டி கடைசி வரை 212 என்றே காட்டும்.

கணக்குத் தெரிந்தவன் என்ன செய்வான்? காகிதத்தில் ஒரு முக்கோணம் வரைவான். ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் விமானம், மூன்றாவது பக்கம் தரையில் விழ வேண்டிய பாதை. மூக்கை 10 பாகை மேற்கே தள்ளி 222-ல் வைக்க வேண்டும் என்று அந்த முக்கோணம் சொல்லும். தரையின் மேல் உண்மையான வேகம் மணிக்கு 88 மைல்தான், ஆகவே போய்ச் சேர ஒரு மணி 49 நிமிடம் ஆகும், அதற்கு ஏற்ற எரிபொருள் இருக்கிறதா என்று பார் என்றும் சொல்லும். இந்த முக்கோணத்தைக் கையடக்கமான ஒரு தகட்டில் போட்டுக் கொடுத்தவர் பிலிப் டால்டன் என்ற அமெரிக்கர். 1930-களில் அவர் அமைத்த அந்த வட்டக் கணக்கியை இன்றும் மாணவர்கள் கையில் வைத்துச் சுழற்றுகிறார்கள். பாவம், 1941-ல் விமான விபத்திலேயே அவர் இறந்து போனார்.

காற்றுக்குத் திசைக்கு ஒரு பெயர் வைத்தவர்கள் நாம். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. காற்று எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் பெயர். எங்கே போகிறது என்பதை வைத்தல்ல. விமானிகளும் அப்படித்தான் காற்றைக் குறிக்கிறார்கள். வகுப்பில் பாதிப் பேர் தடுமாறும் இந்த இடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை தடுமாறுவதற்குக் காரணமே இல்லை.

இனி எங்கள் வகுப்புக்கு வருகிறேன். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெயருக்குப் பதிலாக வேறு எதைப் போட்டாலும் பொருந்தும். குளிர்சாதன அறை, சுவரெல்லாம் வெற்றி பெற்றவர்களின் படம், கையில் ஒரு தடித்த வினா-விடைத் தொகுப்பு. நான் மேலே சொன்ன கணக்கைப் பலகையில் எழுதினார்கள். நான் பாகைமானியை எடுத்தேன். உபாத்தியாயர் சிரித்தார். “அதெல்லாம் உள்ளே வையுங்கள். 212, 270 என்று இரண்டு எண் கண்ணில் பட்டால் விடை 222. மூன்றாவது விடை. அவ்வளவுதான். முக்கோணம் போட்டுக்கொண்டிருந்தால் நேரம் போதாது” என்றார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். பரீட்சை விடையைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நடப்பது. நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும். அந்த முறையைத் துருப்பிடித்த பூட்டைத் திறக்கிறவன் மாதிரி நன்றாகப் பழகி வைத்திருக்கிறார்கள்.

என் பக்கத்தில் ஒரு பையன் உட்காருவான். பட்டாபிராம் பக்கம், தகப்பனார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பையன் பெரிய விமானங்களை ஓட்ட வேண்டும் என்று வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். கெட்டிக்காரப் பையன், மரியாதை தெரிந்தவன். ஒரு நாள் ரயிலில் வரும்போது அதே கணக்கில் காற்றை மட்டும் மாற்றினேன். மேற்குக் காற்றுக்குப் பதில் கிழக்குக் காற்று, மற்றதெல்லாம் அப்படியே. “222, ஸார்” என்றான், யோசிக்காமல். கிழக்குக் காற்றுக்கு மூக்கு 202-ல் இருக்க வேண்டும். 222-ல் வைத்தால் காற்று தள்ளுகிற பக்கமே இவனும் திருப்பிக்கொண்டு போகிறான் என்று அர்த்தம்.

“தம்பி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது?” என்று கேட்டேன்.

“அது கேள்வியிலேயே கொடுத்திருப்பார்களே, ஸார்” என்றான்.

இந்தப் பதிலைச் சொன்னதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனை அப்படிப் பழக்கியவர்கள் மேல்தான் கோபம். தனியாகப் பறக்கிற அந்த 150 மைலில் காற்றை யாரும் கேள்வியாக அச்சிட்டுக் கொடுக்க மாட்டார்கள். புறப்படும்போது சொல்லப்படுகிற காற்று நடுவழியில் மாறும். கீழே தெரிகிற ஏரியை வரைபடத்தில் இருக்கிற ஏரியோடு ஒத்துப்பார்த்து, இத்தனை தூரம் விலகிவிட்டேன், இத்தனை பாகை திருப்ப வேண்டும் என்று அவனே கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஓர் எளிய வாய்ப்பாடு கூட இருக்கிறது: 60 மைல் போனபின் ஒரு மைல் விலகியிருந்தால் ஒரு பாகை தவறு. எங்கள் தொகுப்பில் அதுவும் ஒரு ‘மூன்றாவது விடை’யாகத்தான் கிடக்கிறது.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிகழ்ச்சி. 1989 செப்டம்பர் 3-ஆம் தேதி, பிரேஸில் தேசத்தில், வாரிக் கம்பெனியின் 254-ஆம் எண் விமானம் மராபா என்ற ஊரிலிருந்து பெலெம் நகரத்துக்குக் கிளம்பியது. வடக்கே சற்றுக் கிழக்காக, 27 பாகைத் திசையில் போக வேண்டும். ஒரு மணிக்கும் குறைந்த பிரயாணம். பிரயாணத் திட்டக் காகிதத்தில் 0270 என்று அச்சிட்டிருந்தது. கடைசி சைபர் தசம ஸ்தானம். தலைமை விமானி அதை 270 என்று படித்துக் கருவியை மேற்கே திருப்பி வைத்தார். துணை விமானி காகிதத்தைப் பார்க்கவில்லை. தலைவரின் கருவியைப் பார்த்து அதே எண்ணைத் தம் கருவியிலும் வைத்துக்கொண்டார். நேரமோ சாயங்காலம். வடக்கே போகிற விமானத்துக்கு அஸ்தமனம் இடது கைப்பக்கம் இருக்க வேண்டும். அவர்களுக்கு அது நேர் எதிரே இருந்தது. அதைப் பார்த்தும் இருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எரிபொருள் தீர்ந்து, இருட்டில், அமேஸான் காட்டு மரங்களின் மேல் விழுந்தார்கள். இருந்த 54 பேரில் 12 பேர் மாண்டார்கள். இருவரும் உரிமம் பெற்ற விமானிகள், பரீட்சை தேறியவர்கள்.

அந்தத் துணை விமானி செய்ததற்கும், பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவதற்கும் என்ன வித்தியாசம்?

செயற்கைக்கோள் கருவி வேண்டாம் என்று சொல்லுகிற கிழவன் அல்ல நான். வழி தவறிய ஒரு விமானத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1983 செப்டம்பர் 1-ஆம் தேதி கொரிய விமானம் ஒன்று பாதை விலகி ஸோவியத் எல்லைக்குள் புகுந்து, சுட்டு வீழ்த்தப்பட்டு, 269 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அமெரிக்கா தன் ராணுவச் செயற்கைக்கோள் வழிகாட்டியை உலகத்து விமானங்களுக்கெல்லாம் இலவசமாகத் தருவோம் என்று அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அந்தக் கருவியையும் ஏமாற்ற முடியும். 2023 நவம்பரிலிருந்து 2025 பிப்ரவரி வரை, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பக்கங்களில், செயற்கைக்கோள் சமிக்ஞையில் குறுக்கீடு நேர்ந்ததாக 465 சம்பவங்கள் பதிவாகியிருப்பதாக மத்திய அரசே லோக்சபையில் சொல்லியிருக்கிறது. கருவி ஊமையாகிவிட்டால்கூடப் பரவாயில்லை, பொய் சொன்னால்? அது பொய் என்று கண்டுபிடிக்க, உண்மை எங்கே இருக்க வேண்டும் என்று உள்ளே இருப்பவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சட்டென்று விளங்கிவிடும். திருநின்றவூர் பூசலாரின் ஊர். கையில் காசில்லாமல், மனத்திலேயே கல்லும் மரமும் சேர்த்து, அஸ்திவாரம் முதல் சிகரம் வரை நாள் பார்த்துக் கோயில் கட்டியவர். காஞ்சியில் கற்கோயில் எழுப்பிய பல்லவ ராஜா, கனவில் கட்டளை கேட்டு இங்கே வந்து, ‘அந்தக் கோயில் எங்கே?’ என்று தேடினானாம். “பூசலாரும் விமானம் கட்டினார், நீங்களும் மனசிலேயே விமானம் ஓட்டுகிறீர்கள்” என்று தெருவில் ஒருவர் என்னைக் கேலி செய்தார். எனக்கு அது கேலியாகவே படவில்லை. வழி காணும் பாடம் அதுதான். இருந்த இடத்திலிருந்தே, 15-ஆவது நிமிடம் செங்கல்பட்டுக் கொளவாய் ஏரி, அதற்குச் சற்றுப் பின் பாலாறு, 38-ஆவது நிமிடம் திண்டிவனம், 52-ல் விழுப்புரத்து ரயில் சந்திப்பு, கடைசியில் கொள்ளிடமும் காவிரியும் என்று திருச்சி வரை மனத்தில் ஒரு தடவை போய்வந்தவன்தான் உண்மையில் போகலாம். பூசலார் ஒரு கல்லையாவது பிறத்தியார் தொகுப்பிலிருந்து எடுத்து வைத்ததாகச் சேக்கிழார் சொல்லவில்லை.

அந்த வரைபடமும் லேசில் வந்ததல்ல. 1802-ல் லாம்டன் துரை பரங்கிமலையடியிலிருந்து பெரும்பாக்கம் வரை ஏழரை மைலை, வேகாத வெயிலில், இரும்புச் சங்கிலி போட்டு அளந்து ஆரம்பித்த வேலை அது. இன்றைய மீனம்பாக்கத்துக்குப் பக்கத்து நிலம்தான்.

இதில் பயிற்சி வகுப்புக்காரர்களை மட்டும் திட்டி முடித்துவிடுவது நியாயமாகாது. அவர்கள் கடை விரித்திருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் நாம். டாக்டர் பரீட்சைக்கும், பாங்க் பரீட்சைக்கும், குமாஸ்தா பரீட்சைக்கும் எப்படி ‘சென்ற வருஷத்துக் கேள்வி’ வாங்கிக் கொடுத்தோமோ, அதே பழக்கத்தில் பிள்ளையை ஆகாயத்துக்கும் அனுப்பப் பார்க்கிறோம். “பையன் எத்தனை மார்க்?” என்று கேட்கிற தகப்பனாரைப் பார்த்திருக்கிறேன். “காற்று முக்கோணம் போடத் தெரியுமா?” என்று கேட்ட ஒருவரையும் இதுவரை பார்க்கவில்லை. அந்தப் பட்டாபிராம் தகப்பனார் அடமானம் வைத்த வீட்டுக்கு ஈடாக அவர் பிள்ளைக்குக் கிடைத்திருப்பது சில நூறு எண்கள். நாளைக்கு அவன் பின்னால் நூற்றைம்பது பேர் பெல்ட் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அதில் நீங்களும் இருக்கலாம், நானும் இருக்கலாம்.

பரீட்சையை எடுத்துவிட வேண்டும் என்பது என் ரயில் நிலையத்து நண்பரின் யோசனை. பரீட்சையைக் கஷ்டமாக்க வேண்டும் என்பது என் யோசனை. தேர்ந்தெடுக்கும் விடைகளை ஒரு பாதியோடு நிறுத்திக்கொண்டு, மீதிப் பாதிக்கு ஒரு வரைபடத்தையும் பாகைமானியையும் பென்சிலையும் மேஜைமேல் வையுங்கள். ஒரு மணி அவகாசம் கொடுத்து, ஒரு பிரயாணத்தை முழுதாகத் திட்டமிடச் சொல்லுங்கள். “தேர்ச்சி விகிதம் பாதியாகக் குறைந்துவிடும், ஸார்” என்று எங்கள் வகுப்புக்காரர் பதறினார். குறையட்டும். தேறாதவர்கள் அடுத்த தடவை கற்றுக்கொண்டு வரட்டும். காற்றை மட்டும் முன்கூட்டியே அச்சடிக்க வேண்டாம். பரீட்சையன்று காலையில் மீனம்பாக்கத்தில் வாடை வீசுகிறதோ கோடை வீசுகிறதோ, அதைக் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். எந்தத் தொகுப்பின் எத்தனையாவது பக்கத்தில் அதற்கு விடை இருக்கிறதென்று பார்த்துவிடலாம்.