ஒழுகும் கூரையும் ஒற்றுமையும்

லயத்து வீட்டில் மழை பெய்தால் சொட்டும் இடமெல்லாம் பாத்திரம் வைத்துப் பழகியவர்கள் நாம். கூரையைச் செப்பனிடுவது துரையின் தயவல்ல, நிர்வாகத்தின் கடமை என்று தொழிலாளர் வாதாடினார்கள். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டமும் முதலாளி தரும் வீட்டைப் பழுதின்றி வைத்திருக்கும் பொறுப்பை முதலாளியின் மீதே சுமத்தியது.

தோட்டத்தை விட்டுச் செந்தூலில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களுக்கு இன்று துரையும் இல்லை, நிர்வாகக் கிராணியும் இல்லை. ஆனால் கூரை மட்டும் ஒழுகுகிறது!

பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற நம் தோழர் ஒருவர் செந்தூலில் மேல்மாடியில் குடியிருக்கிறார். மூன்று முறை தம் சேமிப்பை எடுத்து உட்கூரைக்குச் சிமிண்டும் சாயமும் பூசினார். அடுத்த மழையிலேயே மீண்டும் ஈரம் கண்டது. காரணம் எளிது. ஓட்டை மேலே இருக்க, மருந்தைக் கீழே தடவினால் நோய் தீருமா?

தட்டைக் கூரை வெயிலில் விரியும், மழையில் சுருங்கும். அதனால் மயிரிழை வெடிப்புகள் உண்டாகும். நீர்ப்போக்கியைக் குப்பை அடைத்துக்கொண்டால் நீர் தேங்கும். நீர் நுழையும் இடம் ஒன்று, சொட்டும் இடம் மற்றொன்று. உள்ளிருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் சிமிண்டுக் கட்டி பெயர்ந்து விழும். உறங்கும் குழந்தையின் தலைமேல் அது விழுந்தால் யார் பொறுப்பு?

பழுதுபார்க்க முறை உண்டு. முதலில் நீர்ப்போக்கியைத் துப்புரவாக்க வேண்டும். கம்பி கெட்டிருக்கிறதா என்று பொறியாளரைக் கொண்டு பார்க்க வேண்டும். வெடிப்புகளை அடைத்து, 80 அங்குலத்துக்கு 1 அங்குலமாவது சரிவு அமைக்க வேண்டும். பிறகு தார்ப்படலத்தைக் கூரை முழுவதும் பரப்பி, கைப்பிடிச் சுவரிலும் 6 அங்குல உயரம் ஏற்றி ஒட்ட வேண்டும். கடைசியாக ஒரு நாள் நீரைத் தேக்கிச் சோதித்த பிறகே குத்தகைக்காரருக்கு முழுப் பணம் கொடுக்க வேண்டும்.

இச்செலவைத் தனி ஒருவர் தாங்க முடியாது, தாங்க வேண்டியதுமில்லை. அடுக்குமாடியின் கூரை மேல்மாடிக்காரர் சொத்தன்று, எல்லோருக்கும் பொதுச் சொத்து. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்து விகிதம் சேமநிதிக்காகத் தனியே வசூலாக வேண்டும். ஒழுகல் பற்றி எழுத்து மூலம் அறிவித்தால் நிர்வாகம் 7 நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்பது 2015-ஆம் ஆண்டின் விதி. அசட்டை செய்தால் கட்டட ஆணையரிடம் முறையிடலாம். 250,000 வெள்ளி வரையிலான வழக்கை விசாரிக்க நடுவர் மன்றமும் இருக்கிறது.

ஆனால் நடப்பதென்ன? “கூரை ஒழுகுகிறது, கட்டணம் ஏன் கட்ட வேண்டும்?” என்கிறார் குடியிருப்பவர். “கட்டணம் வரவில்லை, கூரையை எப்படிப் பார்ப்பது?” என்கிறது நிர்வாகம். “என் வீடு ஒழுகவில்லையே!” என்கிறார் கீழ்மாடிக்காரர். இந்த மூன்று பேச்சுக்கும் நடுவே மழைக்கு மட்டும் ஓய்வில்லை.

கட்டணப் பாக்கி வைத்திருப்பவருக்குப் பொதுக்கூட்டத்தில் வாக்கில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. சந்தா கட்டாமல் சங்கத்தைக் குறை கூறுபவருக்கு நாம் என்ன பதில் சொல்வோமோ, அதே பதில்தான் இங்கும். கட்டணத்தைக் கட்டுவோம்; கட்டிய பின் கணக்கைக் கேட்போம். சேமநிதி எங்கே, எவ்வளவு என்று பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று கேட்போம். கணக்கு எழுதத் தெரிந்த கிராணித் தோழர்கள் இதற்கு முன்வர வேண்டும்.

ஒரு நிரையில் வெட்டும் தொழிலாளிக்கு அநீதி நேர்ந்தால் தோட்டமே திரண்டது. மேல்மாடியில் சொட்டும் நீருக்கு மாடி முழுவதும் திரளக் கூடாதா? தோட்டத்தை விட்டு வந்தோம். தோட்டம் கற்றுத் தந்த ஒற்றுமையையும் விட்டுவிட்டு வர வேண்டாம்!