வேலிப் பொட்டிலே ஒரு கதை

“பிள்ளைகளுக்குக் கதை சொல்ல எனக்கென்ன தெரியும்?” என்று கைவிரிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். கதையென்றால் அரசனோ அரக்கனோ, குறைந்தபட்சம் ஒரு சிங்கமாவது வேண்டுமென்பது அவர்கள் எண்ணம் போலும். யாழ்ப்பாணத்துப் பிள்ளை சிங்கத்தைக் கண்டது படத்திலேதான். கோழியையோ நாள்தோறும் காண்கிறது.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இதனை நன்கறிந்தவர். வட்டுக்கோட்டையில் ஆசிரியராயிருந்த அவர், பிள்ளைகளுக்கான பொருளைத் தேடித் தொலைவு செல்லவில்லை. கத்தரித் தோட்டத்து வெருளியை நாள்தோறும் கடந்து சென்றோர் எத்தனையோ பேர். அவர்களுக்கு அது பழஞ்சட்டை மாட்டிய தடி. புலவருக்கோ காவல்நிற்கும் சேவகன்! ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் அவ்வாறே பாட்டாயின.

அவருடைய பவளக்கொடியை எடுத்துக்கொள்வோம். கையிலுள்ள சிறு பொருளை வைத்துப் பெருஞ்செல்வத்தைக் கனவு கண்டு, உள்ளதையும் இழப்பவரின் கதை மிகப் பழையது. பஞ்சதந்திரத்தில் அது மாப்பானை வைத்திருந்த அந்தணனின் கதை. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபொந்தேன் 1678இல் வெளியிட்ட நூலிலே பாற்குடம் சுமந்த பெண்ணின் கதை. புலவர் அவளைப் பருத்தித்துறைக்காரி ஆக்கினார். கரு இரவலாயினும், நம் பிள்ளைகளுக்கு அவள் சந்தைக்குப் போகும் வழியிற் கண்ட அக்காள் ஆகிவிட்டாள்.

இன்று கிடுகுவேலிகள் பல மதில்களாகிவிட்டன. எனினும், எஞ்சியுள்ள வேலியொன்றின் அடியிலே சிறிதுநேரம் நோக்குங்கள். அங்கே ஒரு பொட்டு இருக்கும். நாய் அதனூடே போகும். பந்தெடுக்கச் சிறுவன் நுழைவான். நம் வீட்டுக் கோழி அயல்வீட்டுக்குச் சென்று, வைக்கோற் போரின் ஓரத்திலே முட்டையிட்டு வரும். முட்டை யாருக்கு? கோழிக்குத் தீனி போட்டவருக்கா, இடங்கொடுத்தவருக்கா? பெரியவர்களுக்கு இது வேலிச்சண்டை. பிள்ளைக்கோ, முடிவறிய ஆவலூட்டும் கதை.

இங்கே ஓர் எச்சரிக்கை. கதையின் வாலிலே நீதியைக் கட்டித் தொங்கவிடுவது எம் ஆசிரியர் குலத்தின் பழைய நோய். அவ்விடம் வந்ததும் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கோழி கோழியாகவே இருக்கட்டும்.

1983க்குப் பின் எத்தனையோ குடும்பங்கள் கடல்கடந்து சிதறின. ரொறன்ரோவிலே பிறந்த பேத்திக்குப் ‘பொட்டு’ என்றால் நெற்றியில் இடுவது மாத்திரமே. அகராதியை அனுப்பி இக்குறையைத் தீர்க்க முடியாது. ஊரிலிருக்கும் அம்மம்மா தொலைபேசியிலே கோழியின் வழக்கைச் சொல்வாராயின், வேலியும் பொட்டும் வைக்கோற் போரும் அக்கதையோடு கூடவே போய்ச்சேரும்.

அண்மையில் இவ்வழக்கை என் வகுப்பு மாணவரிடம் விட்டேன். முட்டை கோழிக்காரருக்கே என்றனர் சிலர். பொரித்துப் பங்கிடலாம் என்றனர் சிலர். சட்டம் படிக்க விரும்பும் ஒருவர் நீண்ட வாதமே செய்தார். மறுநாள் ஒரு மாணவர், தம் தங்கைச்சி கேட்ட கேள்வியைக் கொண்டுவந்தார். “அந்தக் கோழி ஏன் தன்ரை வீட்டிலை முட்டை போடேல்லை?”

வகுப்பிலே அதை எவரும் கேட்டிருக்கவில்லை. அவர்கள் வீட்டில் அன்றிரவு கதை அங்கிருந்துதான் தொடங்கியதாம்.