கடைசிப் பந்தியில் ஒரு சிந்தனையாளர்

அறிவொளிக்காலச் சிந்தனை வரலாற்றை எழுதுவோர் பலரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியுள்ளது. லொக், ரூசோ, கான்ற் ஆகியோர் தத்துவத்தைப் படைத்தனர் என்பர். மேரி வொல்ஸ்ரன்கிராவ்ற் அத்தத்துவத்தைப் பெண்களுக்குப் 'பிரயோகித்தார்' என்பர். முன்னவர்க்கு முழு அதிகாரங்கள். பின்னவர்க்கு இறுதியில் ஒரு பந்தி. மூலநூல்களைக் கல்லாமையே இப்பகுப்பின் ஊற்றாகும்.

ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமீல்' நூலின் ஐந்தாம் பாகத்தை நோக்குக. எமீலின் கல்வி சுயமாகச் சிந்திக்கும் மனிதனை உருவாக்குவது. சோஃபியின் கல்வியோ ஆடவனுக்கு உவப்பானவளாக இருக்கப் பெண்ணைப் பழக்குவது. இதனை அவரது தத்துவத்தில் தற்செயலாக நேர்ந்த வழு எனத் தள்ளிவிட இயலாது. ரூசோவின் சுதந்திரக் குடிமகன் இல்லத்துப் பெண்ணின் கீழ்ப்படிவின் மீதே நிற்கின்றான்.

1792இல் வொல்ஸ்ரன்கிராவ்ற் பெண்ணுரிமை பற்றி எழுதிய நூல் தாக்கியது இவ்வத்திவாரத்தையே. அறம் பகுத்தறிவின் வழிப்பட்டதெனின், பகுத்தறிவு மறுக்கப்பட்டவரிடம் எதிர்பார்க்கப்படுவது அறமாகாது. அது வெறும் பணிவே. பரம்பரைப் பிரபுத்துவம், நிரந்தரப் படை, கணவனின் ஆதிக்கம் ஆகிய மூன்றிலும் அவர் கண்ட நோய் ஒன்றே: தங்கிவாழ்தலும் கண்மூடிய பணிவும் மனிதரைச் சீரழிக்கும் என்பதாம். பிரான்சியப் பொதுக்கல்வி பற்றி 1791இல் அறிக்கை சமர்ப்பித்த தலேரானுக்கு அந்நூலை உரித்தாக்கி, பெண்களை விலக்கிய அரசியலமைப்பின் நியாயத்தை நேரடியாகவே வினவினார். இதற்குப் 'பிரயோகம்' என்னும் பெயர் எங்ஙனம் பொருந்தும்? இது அடிப்படைத் திருத்தம்.

ரூசோ தம் காலத்தின் பிள்ளை எனப் பரிந்து பேசுவோர் உளர். ஆயின், 'எமீல்' வெளிவருவதற்கு 89 ஆண்டுகளுக்கு முன்னரே, 1673இல், புலேன் டி லா பார் இருபாலாரின் சமத்துவத்தை வாதிட்டு நூலெழுதினார். 1790இல் கொண்டோசே பெண்களுக்குக் குடியுரிமை கோரினார். அதே ஆண்டில் கதரின் மக்கோலே இருபாலார்க்கும் ஒரே கல்வியை வற்புறுத்தினார். 1791இல் பெண்ணுரிமைப் பிரகடனத்தை வெளியிட்ட ஒலிம்ப் டி கூஜ், 1793இல் கொலைக்களம் ஏறினார். காலத்தின் மீது பழிசுமத்துவோர் இவர்களை எக்காலத்தில் வைப்பர்?

அறிவொளிக்காலப் பகுத்தறிவு ஆண்களின் கருவி எனக் கூறி அதனை முற்றாக ஒதுக்கும் மற்றொரு சாராரும் உளர். அவர்கள் பகுத்தறிவை ரூசோவின் தனியுடைமையாக எழுதிக் கொடுக்கின்றனர். வொல்ஸ்ரன்கிராவ்ற் அதனை ஒருபோதும் விட்டுக்கொடுத்தாரல்லர்.

அவரது நோக்கிற்கும் வர்க்க எல்லை இருந்தது. 1792ஆம் ஆண்டு நூல் நடுத்தர வகுப்புப் பெண்களையே சிறப்பாக விளித்தது. ஆயினும், அவர் மறைந்தபின் 1798இல் வெளிவந்த முற்றுப்பெறாத நாவலில், பணிப்பெண்ணாய் உழன்ற ஜெமைமா தன் வரலாற்றைத் தானே கூறுகின்றாள். இவ்வளர்ச்சியை ஆராயவேண்டியோர், அதே ஆண்டில் கணவர் கொட்வின் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளைக் கொண்டு அவரது காதல்களைக் கிளறினர். வாழ்க்கை பற்றிய வம்பு நெடுங்காலம் சிந்தனையை மறைத்தது.

பாடத்திட்டத்தின் இறுதியில் ஒரு பெண்ணின் பெயரைச் சேர்த்துவிட்டால் இக்குறை தீராது. 'மனிதன்' என்ற சொல்லில் அடங்குவோர் யாவர் என்னும் வினாவை லொக்கிடமும் ரூசோவிடமும் கான்ற்றிடமும் முதல் விரிவுரையிலேயே எழுப்புதல் வேண்டும். அவ்வினாவைத் தவிர்க்கும் தத்துவ வரலாறு, தான் போற்றும் அத்தத்துவஞானிகளையே பிழைபடக் கற்பிக்கின்றது.