எங்க காட்ஸில்லாவை என்ன பண்ணீங்க?

காட்ஸில்லா எங்க ஆளு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றவன் ஜப்பான்காரன், தத்தெடுத்துத் தீனி போட்டுக் கொழுக்க வைத்தவன் அமெரிக்காக்காரன், எல்லாம் சரி. ஆனால் அது பிறந்தது வலைக்காரன் வயிற்றெரிச்சலில். எண்ணூர்க் குப்பத்துப் பிள்ளைக்கு அதன்மேல் இருக்கிற பாத்தியதை, ஏ.சி. அறையில் உட்கார்ந்து ‘அடுத்து இதை யாரோடு மோதவிடலாம்’ என்று கணக்குப் போடுகிறவனுக்குக் கிடையாது.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துப் பார்த்தது. அவர்கள் போட்ட கணக்கைவிட இரண்டரை மடங்கு பெரிதாக வெடித்தது. அறிவித்த அபாய எல்லைக்கு வெளியே சூரை பிடித்துக்கொண்டிருந்த ‘லக்கி டிராகன்’ என்ற ஜப்பானியப் படகின் மேல் மணிக்கணக்கில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. படகில் 23 பேர். தலையில் விழுந்ததைத் தட்டிவிட்டுத் தொழிலைப் பார்த்தார்கள். கரை சேர்வதற்குள் தோல் கறுத்தது, முடி கொட்டியது. ரேடியோ ஆபரேட்டர் குபோயாமா செப்டம்பரில் செத்துப்போனார். கொண்டுவந்த மீனைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். ஊரில் சூரை என்றாலே வாங்குகிறவன் பத்தடி தள்ளி நின்றான். அடுத்த ஜனவரியில் அமெரிக்கா 20 லட்சம் டாலர் கொடுத்தது, கருணைத் தொகையாக. தப்பு எங்களுடையது என்று ஒரு வரி எழுதாமல்.

அந்த நவம்பரில் வந்ததுதான் இஷிரோ ஹோண்டாவின் முதல் காட்ஸில்லா. படம் ஆரம்பித்ததும் ஒரு கப்பல் எரிந்து முழுகும். உடனே அந்த மாலுமிகளின் குடும்பங்கள் ஆபீசுக்குள் மொய்த்துக்கொண்டு, எங்க வீட்டு ஆளு உயிரோடு இருக்கானா இல்லையா என்று கத்தும். புயல் நாளில் காசிமேட்டில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சியில் கீழே எழுத்து ஓடத் தேவையில்லை.

இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் 2021 மார்ச் 24 அன்று ‘காட்ஸில்லா வெர்சஸ் காங்’ பார்க்கப் போனேன். அமெரிக்காவில் வருவதற்கு ஒரு வாரம் முன்பே, வாய் நிறையத் தமிழ் பேசிக்கொண்டு இங்கே வந்துவிட்டது. தெருவெல்லாம் சட்டமன்றத் தேர்தல் ஆட்டோக்களின் மைக் சத்தம். கொரோனாவில் பூட்டிக் கிடந்து, அப்போதுதான் தியேட்டர்கள் மூச்சு விட ஆரம்பித்திருந்தன. தண்டையார்பேட்டையில் 1967-லிருந்து ஓடிக்கொண்டிருந்த அகஸ்தியா அதற்கு முந்தைய வருஷமே ஒரேயடியாக மூடப்பட்டுவிட்டது. மிச்சமிருந்த ஒரு தியேட்டரில், மாஸ்க்கை முகவாயில் தொங்கவிட்டபடி ஏரியாவே உட்கார்ந்திருந்தது.

விசில் அடித்தேன். மறைக்கப்போவதில்லை. ஹாங்காங் சண்டையில் காங் என்கிற அந்த ராட்சதக் குரங்குக்குத் தோள்பட்டை இறங்கிவிடும். அது போய் ஒரு கட்டடத்தின் மேல் தோளை மோதி, ‘டொக்’கென்று எலும்பைத் தானே ஏற்றிக்கொள்ளும். மூட்டை தூக்குகிற உடம்புக்குத்தான் அந்த வித்தை தெரியும். தியேட்டர் இரண்டாகிவிட்டது. அதற்கு முன்னால், காங்கைக் கப்பல் தளத்தில் சங்கிலி போட்டுக் கட்டிக் கொண்டுபோவார்கள். ஹார்பரில் சரக்கைக் கட்டுகிற லேஷிங் வேலை பார்க்கிறவன் நான். நூறு மீட்டர் உயரத்துச் சரக்கை நாலைந்து சங்கிலியில் நிறுத்தியிருந்தான் பாருங்கள், எங்க சூப்பர்வைசராக இருந்தால் அந்தக் கப்பலைக் கயிறு அவிழ்க்கவே விட்டிருக்கமாட்டார். அதையும் மன்னித்தேன். காட்ஸில்லாவின் முதுகுச் செதில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அந்தக் கப்பல் கூட்டத்தை நோக்கி வருகிறபோது, எனக்குப் பக்கத்து சீட்டுப் பையன் எழுந்து நின்று, “வா தலைவா!” என்றான். அந்த ஒரு நிமிஷத்துக்காக எதையும் மன்னிக்கலாம்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் வயிறு எரிய ஆரம்பித்தது. இன்றைக்கும் அணையவில்லை.

ஹாங்காங்கில் கட்டடம் கட்டடமாகச் சாய்கிறதே, அதில் இருந்தவர்கள் யார்? ஓடுகிற கூட்டத்தை அங்கங்கே காட்டுகிறார்கள். அத்தோடு சரி. நீலமும் ஊதாவுமாக விளக்குப் போட்டு, இடிபாட்டைத் திருவிழா போலக் காட்டுகிறார்கள். 1954 படத்தில் ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் அப்பாவிடம் போய்விடலாம் என்று சொல்வாள். ஆஸ்பத்திரித் தரையில் காயம்பட்டவர்களை வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். ஒரு சின்னக் குழந்தையின் பக்கத்தில் கதிர்வீச்சுக் கருவி கிர்ரென்று கத்தும். எழுபது வருஷத்தில் மிருகம் இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டது, அதன் காலடியில் இருந்த ஜனம் காணாமல் போய்விட்டது. காலடியில் இருக்கிறவன் நான். என்னை வெட்டி எடுத்துவிட்டு எனக்கே டிக்கெட் விற்கிறார்கள்.

ஜியா என்று ஒரு சிறுமி வருவாள். காது கேளாதவள், காங்கோடு கை ஜாடையில் பேசுவாள். நடித்த கேலி ஹாட்டிலும் காது கேளாத பெண்தான். என்ன அருமையாகச் செய்திருந்தாள்! அவள் பிறந்த இவி இனமே காங்கின் தீவோடு அழிந்துபோயிற்று, மிச்சம் இவள் ஒருத்தி. அந்தச் சாவை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? போகிற போக்கில் வசனத்தில். ஓர் இனமே செத்ததற்கு ஒரு காட்சிகூட இல்லை. காங்கின் கோடரிக்கு மட்டும் தனி அறிமுகம், தனி இசை.

இதையும் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதது வேறு. இந்த வரிசையில் முதல் படமான 2014 காட்ஸில்லாவில் ஒரு காரியம் செய்தார்கள். 1954-ல் பசிபிக்கில் வெடித்தார்களே குண்டு, அது சோதனையே இல்லையாம். காட்ஸில்லாவைக் கொல்லப் பார்த்தார்களாம்! ஒரு வசனத்தில் கதையைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். குண்டு போட்டவன் ஊரைக் காக்க வந்தவனாகிவிட்டான். குண்டால் பிறந்த மிருகம் குண்டுக்குக் காரணமாகிவிட்டது. குபோயாமா எதற்குச் செத்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. நெற்றியில் பட்டை நாமம் சாத்திவிட்டு, கையில் பாப்கார்னையும் கொடுத்து அனுப்புகிறார்கள்.

எனக்கு ஏன் இது இவ்வளவு உறைக்கிறது என்று கேட்பீர்கள். எங்க ஊரில் இதே வசனத்தைப் பேசிக் கேட்டிருக்கிறேன். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் மழை. மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றைப் பிடித்து, முகத்துவாரம் வரைக்கும் கறுப்பாகப் போர்த்திவிட்டது. யார் விட்டது என்று கேட்டால், வெள்ளம் கொண்டுவந்தது என்றார்கள். வெள்ளமா பீப்பாய் வைத்திருந்தது? எங்க அப்பாவின் ஃபைபர் படகு நீலநிறம். பாதிவரை தார் பூசினதுபோல் ஆயிற்று. வலையைக் கையில் எடுத்தால் விரலோடு விரல் ஒட்டியது. சோப்பு போட்டோம், மண்ணெண்ணெய் போட்டோம், பிசுக்கு நகரவில்லை. கடைசியில் ஆற்றில் மிதந்ததை மக்கிலும் வாளியிலும் மொண்டு எடுத்தது யார்? குப்பத்து ஆண்கள்தான், வெறுங்கையால். 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோதும் வாளிதான், ஏறக்குறைய ஏழு வருஷம் கழித்தும் வாளிதான். படத்தில் மட்டும் பூமிக்குள்ளேயே புகுந்து பறக்கிற வண்டி வைத்திருக்கிறார்கள்!

அப்புறம் மார்க்கெட். “எண்ணூர் மீனா? வேணாம் அண்ணே.” எங்க அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய், கூடையைத் தூக்கிக்கொண்டே திரும்பினாள். லக்கி டிராகன் சூரைக்கு நடந்தது எங்க மடவைக்கும் இறாலுக்கும் நடந்தது. நிவாரணம் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த மாதமே, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நள்ளிரவு, பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சு முட்ட, குழந்தைகளை இடுப்பில் போட்டுக்கொண்டு, பைக்கில் நாலு பேராக, ஆட்டோவில் பத்துப் பேராக ஜனம் இருட்டில் ஓடியது. ஹாங்காங் சண்டையில் அங்கங்கே மட்டும் காட்டிய அந்த ஓட்டத்தை நான் கண்ணால் பார்த்தேன். பின்னால் துரத்தி வந்ததற்கு உருவம்தான் இல்லை.

இத்தனைக்கும் இந்தப் படத்துக்குப் பாதி உண்மை தெரியும். அதுதான் கொடுமை. காட்ஸில்லா கடலிலிருந்து எழுந்து வந்து முதலில் அடிப்பது கரையோரம் இருக்கிற ஒரு கம்பெனியை, ஏபெக்ஸ் என்று பெயர். மிருகத்துக்கு மதம் பிடித்துவிட்டது என்று டி.வி.யெல்லாம் அலறும். கம்பெனி முதலாளி பாதிக்கப்பட்டவன் வேஷம் போட்டுப் பேட்டி கொடுப்பான். உள்ளே என்ன தயாராகிறது என்று அங்கே வேலை பார்க்கிற ஒரே ஒருத்தனுக்குத்தான் சந்தேகம். அவனை எல்லோரும் பைத்தியக்காரன் என்பார்கள். அந்த இடத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆஹா, இது எங்க கதை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏபெக்ஸ் ரகசியமாகச் செய்த இயந்திர காட்ஸில்லா வெளியே வந்து முதலாளியையே முடித்துவிட்டது. அத்தோடு கம்பெனி விவகாரம் முடிந்தது. இரண்டு மிருகமும் சேர்ந்து இயந்திரத்தைப் பிய்த்து எறிந்தன, எல்லோரும் கை தட்டினோம். விசாரணை உண்டா? அந்தக் கடலோரத்து ஊர் என்ன ஆயிற்று? எங்க ஊரிலும் அப்படித்தான், அடுத்த செய்தி வந்தால் முந்தின செய்திக்குத் திரை போட்டுவிடுவார்கள்.

மோதவிடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. வடசென்னைக்காரனுக்கு ‘வெர்சஸ்’ பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று பரம்பரை வைத்துக் குத்துச்சண்டை போட்ட மண் இது. அந்த மேடையில் ஏறுகிறவனுக்குப் பின்னால் ஒரு தெரு, ஒரு வாத்தியார், ஒரு மானம் இருக்கும். இங்கே இரண்டும் ஏன் அடித்துக்கொள்கின்றன என்றால், பழைய பகையாம். ‘நீங்க எந்தப் பக்கம், காட்ஸில்லாவா காங்கா’ என்று போஸ்டர் அடித்துக் கேட்டார்கள். ஒன்று குண்டில் வெந்தது. இன்னொன்று பிறந்த தீவைப் பறிகொடுத்துச் சங்கிலியில் வந்தது. அடிபட்ட இரண்டையும் கோழிச்சண்டைக்கு விட்டுப் பந்தயம் கட்டச் சொல்கிறார்கள்.

இந்தச் சண்டையின் பூர்வீகமே ஒரு வயிற்றெரிச்சல்தான். 1933-ல் காங்குக்கு உயிர் கொடுத்தவர் வில்லிஸ் ஓ’பிரையன். பொம்மையைத் துளித் துளியாக நகர்த்திப் படம் பிடித்தவர். காங்கும் ஃபிராங்கன்ஸ்டைன் மிருகமும் மோதுவதாக அவர் ஒரு கதை வைத்திருந்தார். ஒரு தயாரிப்பாளர் அதை வாங்கி, அவருக்குத் தெரியாமல் ஜப்பானுக்கு விற்றுவிட்டார். அது 1962-ல் காங்கும் காட்ஸில்லாவும் மோதுகிற படமாக வந்தது. திரையில் ஓ’பிரையன் பெயர் இல்லை. அந்த வருஷ நவம்பரிலேயே மனுஷன் இறந்துபோனார்.

நம்ம ஆட்கள் மட்டும் யோக்கியமா? 2018-ல் ‘2.0’ வந்தது. ஐந்நூறு கோடிக்கு மேல் செலவு என்றார்கள். பறவைகள் சாகிறதே என்று கதறிக் கதறி, யாரும் கேட்காமல், செல்போன் டவரிலேயே தூக்கில் தொங்கின கிழவன்தான் அதில் ராட்சசன். ரஜினி வந்து அவனை வதம் செய்கிறார். ரஜினி படம், நானும் ஆடினேன். ஐந்து வருஷம் கழித்து, எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெயில் குளித்து, சிறகைத் தூக்க முடியாமல் நின்ற கூழைக்கடாக்களைப் பார்த்தபோது அந்தக் கிழவன் பக்ஷிராஜன் ஞாபகம் வந்து, எவன்டா இந்தக் கதையில் வில்லன் என்று வாய்விட்டே கேட்டேன்.

நல்லது வராமல் இல்லை. 2023-ல் ஜப்பானிலிருந்து வந்த ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ ஆஸ்கரே வாங்கியது. அரசாங்கம் கைவிட்ட பிறகு, மரப்படகில் கண்ணிவெடி பொறுக்குகிற சாதாரண ஆட்கள் கடலில் இறங்கி ஊரைக் காப்பாற்றுவார்கள். அதை நான் பார்த்தது நெட்ஃபிளிக்ஸில், செல்போனில், உள்ளங்கை அகலத்தில். எங்களுக்குப் பெரிய திரையில் வருவதெல்லாம் குஸ்திதான்.

2024-ல் அடுத்ததும் வந்தது. காங்குக்கு இரும்புக் கை மாட்டினார்கள், காட்ஸில்லாவுக்கு இளஞ்சிவப்பு ஒளி அடித்தார்கள். 2027 மார்ச்சில் ‘சூப்பர்நோவா’ என்று இன்னொன்று அறிவித்திருக்கிறார்கள். போவேன். முதல் நாளே போவேன், விசிலும் அடிப்பேன். என் காசு, என் வாய். ஆனால் மோதவிட ஆள் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1971-ல் யோஷிமிட்சு பான்னோ என்ற டைரக்டர் ஹெடோரா என்று ஒன்றை எடுத்தார். கடலில் கொட்டின கழிவைத் தின்று கொழுத்து, கரையேறி, தொழிற்சாலைப் புகைபோக்கியில் வாயை வைத்துப் புகையை உறிஞ்சி வளர்கிற சேற்றுப் பிண்டம். ஜப்பானின் யோக்கைச்சியில் ஆலைப்புகையைப் பார்த்துவிட்டுச் செய்தார். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கூடாது என்று 2011-ல் ஹைகோர்ட் சொன்னதும், ராயபுரத்து மூக்கிலிருந்து எடுத்து எண்ணூர் மூக்கில் போட்டார்களே, அந்தக் கரியும், குழாய் உடைந்து கொசஸ்தலையில் கலக்கிற சாம்பலும், கால்வாய் எண்ணெயும் சேர்ந்தால் ஹெடோராவுக்கு கிராஃபிக்ஸ் செலவே இல்லை. அதைக் காட்ஸில்லாவோடு மோதவிடுங்கள், எண்ணூரில் வைத்து. அன்றைக்கு நீ எந்தப் பக்கம் என்று எவனும் எங்களுக்குப் போஸ்டர் அடிக்க வேண்டாம்.