அந்தக் காயை ஏன் நகர்த்தினாய்?

செஸ் ஆடுகிறவர்கள் இரண்டு ரகம். ஒரு காயை நகர்த்தினால் அதற்குப் பத்தி பத்தியாகப் பிறர் விளக்கம் எழுதும் பெருமை உடையவர்கள் முதல் ரகம். இவர்களைக் கிராண்ட்மாஸ்டர்கள் என்கிறோம். ஒரு காயை நகர்த்தினால் எதிரே இருப்பவர் பலகையைப் பார்த்து, பிறகு முகத்தைப் பார்த்து, "சார், நிஜமாகவே ஆடிவிட்டீர்களா, இல்லை காயைத் துடைத்து வைத்தீர்களா?" என்று கேட்கும்படி ஆடுகிறவர்கள் இரண்டாவது ரகம். நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பலகைகளில் உட்காருகிறவர்கள் அனைவரும் இந்த இரண்டாவது ரகம்தான் என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒவ்வொருவரும் பக்கத்துப் பலகைக்காரரைச் சொல்வதாக நினைத்துக்கொள்வார்கள்.

பல வருடங்களாக இந்தப் பலகைகளைச் சுற்றி நின்று பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. காரணமே இல்லாத நகர்த்தல் என்று செஸ்ஸில் அநேகமாகக் கிடையாது. அசட்டுத்தனமாகத் தெரியும் நகர்த்தலுக்குப் பின்னாலும் ஏதோ ஒரு காரணம் உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை. ஆடியவர் பெரியவராக இருந்தால் சிரிக்கிறோம். நம் வீட்டுக் குழந்தையாக இருந்தால் திட்டுகிறோம். இந்தத் திட்டும் பழக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அதற்கு முன் சில உதாரணங்கள்.

முதலாவது, ஓரத்துச் சிப்பாய். பலகையின் நடுவில் யுத்தம் உச்சத்தில் இருக்கும். இரண்டு ராணிகளும் முறைத்துக்கொண்டு நிற்கும். நம்மவர் ஐந்து நிமிஷம் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டு, ஊர்க்கோடியில் ஒரு வம்பும் இல்லாமல் நின்ற சிப்பாயை ஒரு கட்டம் தள்ளுவார். ஏன் என்று கேட்டால், "வேறு எதைத் தொட்டாலும் ஆபத்தாக இருந்தது" என்பார். இது நல்ல காரணம். செஸ்ஸில் "இந்தத் தடவை நான் ஆடவில்லை" என்று சொல்ல விதி இடம் தராது. சும்மா இருக்க விரும்புகிறவருக்கு ஓரத்துச் சிப்பாய்தான் கதி. தவிர, சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் ராஜாவுக்கு இப்படி ஒரு ஜன்னல் திறந்து வைப்பது பெரிய ஆட்டக்காரர்களும் செய்கிற காரியம். வித்தியாசம், அவர்கள் காற்று தேவைப்படும்போது ஜன்னலைத் திறக்கிறார்கள். நம்மவர் வீடு தீப்பிடிக்கும்போது திறக்கிறார்.

இரண்டாவது, செக். "செக் வைக்க இடமிருந்தால் வைத்துவிட வேண்டும், யார் கண்டது, மேட்டாக இருந்தாலும் இருக்கும்" என்பது இந்தச் சித்தாந்தம். இதனால் எதிராளியின் ராஜா, தானாகப் போக எண்ணியிராத பத்திரமான மூலைக்கு வழிகாட்டி அழைத்துச் செல்லப்படுகிறார். இந்த ஊரில் செக்கை வங்காளத்தில் "கிஸ்தி" என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்களுக்குக் கட்டபொம்மன் ஞாபகம் வந்து, கட்ட முடியாது என்று மார்தட்டத் தோன்றுகிறது. ஆனால் செஸ்ஸில் கிஸ்தியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

வங்காளம் என்றதும் மூன்றாவது உதாரணம். நம் வீடுகளில் மந்திரி என்றால் குறுக்குக் கட்டங்களில் போகிற காய். ஆங்கிலத்தில் பிஷப். வங்காளிகளுக்கு "மொந்த்ரி" என்றால் ராணி. நம் வீடுகள் பலவற்றில் யானை என்பது மூலையில் நிற்கும் காய். அவர்களுக்கோ யானையைக் குறிக்கும் "கஜ்" பிஷப்பின் பெயர். மூலையில் நிற்பது "நௌகா", அதாவது படகு. ஒரு நாள் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவருடன் ஆடிய வங்காளி நண்பர், பெரிய மனதோடு, "மொஷாய், உங்கள் மொந்த்ரியைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று எச்சரித்தார். பெரியவர் நன்றி சொல்லிவிட்டுத் தம் பிஷப்பைப் பத்திரமான இடத்தில் வைத்தார். அடுத்த நகர்த்தலில் ராணி போயிற்று. சுற்றி நின்றவர்களுக்கு அந்த நகர்த்தல் மகா புதிராக இருந்தது. பெரியவர் பக்கம் நியாயம் இருந்தது. அவர் அகராதியில் பிழையில்லை. அது வேறு ஊர் அகராதி.

நான்காவது, தாண்டுகிற ராஜா. வயதான ஒருவர் நம் கூடத்தில் தம் ராஜாவைத் திடீரென்று குதிரை மாதிரித் தாண்ட வைத்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் ஏமாற்றவில்லை. பழைய இந்திய ஆட்ட முறையில் ராஜா ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரைப் பாய்ச்சல் பாயலாம். சிப்பாய் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான் போகும். அந்த முறையில் செஸ் கற்றவர்தான் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். பின்னால் சர்வதேச விதிகளைக் கற்றுக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய், 1929, 1932, 1933 ஆகிய மூன்று ஆண்டுகளில் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். முன்னாள் உலகச் சாம்பியன் கபபிளாங்காவையே தோற்கடித்தார். ஆகவே பெரியவரின் ராஜா தாண்டினால் சிரிப்பதற்கு முன் அவர் எங்கே கற்றார் என்று கேட்பது உசிதம்.

ஐந்தாவது, ராணிப் பைத்தியம். எதிராளியிடம் ராஜா மட்டும் பாக்கி. இந்தப் பக்கம் எட்டு வயதுப் பெண் குழந்தை. கையில் ஒரு ராணி, இரண்டு யானை. மூன்றே நகர்த்தலில் மேட். அவளோ ஒரு சிப்பாயை ஓட்டிக்கொண்டுபோய் இரண்டாவது ராணி வாங்கினாள், பிறகு மூன்றாவது. கடைசியில் எதிராளியின் ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. ஸ்டேல்மேட். ஆட்டம் டிரா. ஏன் இப்படிச் செய்தாய் என்று நான் கேட்டேன். "ஒரு ராணி தனியாக இருந்தால் போர் அடிக்காதா, தாத்தா?" என்றாள். இந்தக் கேள்விக்கு எந்தக் கிராண்ட்மாஸ்டரிடமும் பதில் இராது.

சரி, இதெல்லாம் கற்றுக்குட்டிகளின் கதை என்று தள்ளிவிடலாமா? முடியாது. 1956-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில், பின்னாளில் உலகச் சாம்பியனான பெட்ரோசியன் அருமையான நிலையில் இருந்தார். பிரான்ஸ்டைனின் குதிரை ராணியைத் தாக்கியது. பெட்ரோசியன் ராணியை அப்படியே விட்டுவிட்டு வேறு காயை நகர்த்தினார். 2006-இல் பான் நகரில், அப்போது உலகச் சாம்பியனாக இருந்த கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற கம்ப்யூட்டர் நிரலுடன் ஆடும்போது, ஒரே நகர்த்தலில் மேட் ஆவதைக் கவனிக்காமல் ராணியை வேறு வேலைக்கு அனுப்பினார். மேட்! இரண்டு பேரும் தங்கள் திட்டத்திலேயே மூழ்கி, எதிராளிக்கும் ஒரு முறை உண்டு என்பதை ஒரு கணம் மறந்தவர்கள்.

2014-இல் சோச்சியில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் ராஜாவைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். நம் ஆனந்த் குதிரையால் ஒரு சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டமே மாறியிருக்கும். அவரோ ஓரத்துச் சிப்பாயைத் தள்ளினார். கார்ல்சன் தவறு செய்வார் என்று எதிர்பார்க்காததுதான் காரணமாக இருக்க வேண்டும். நம் கூடத்தில், "அவர் பெரிய ஆட்டக்காரர், சும்மா ஒரு காயைக் கொடுக்க மாட்டார்" என்று இலவசமாக வந்ததை வெட்டாமல் விடுகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், பதினான்காவது ஆட்டத்தில், டிங் லிரன் யானைக்கு யானை மாற்றிக்கொள்ளப் போனார். காய்களைக் குறைத்து டிராவில் முடித்துவிடலாம் என்ற எண்ணம். குகேஷ் யானையை வெட்டி, அடுத்து பிஷப்பையும் மாற்றிக்கொள்ள, மீந்தது சிப்பாய் ஆட்டம். அதில் டிங்குக்குத் தோல்வி. பதினெட்டு வயதில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார். முடித்துவிட்டால் நிம்மதி என்று வெட்டுக்கு வெட்டு மாற்றித் தள்ளுகிற நம் சங்கத்து அன்பர்களுக்கும் உலகச் சாம்பியனுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்த டிசம்பருக்குப் பிறகு நம் வீடுகளில் செஸ் போர்டு இல்லாத வீடு அபூர்வம். சந்தோஷம். 1988-இல் ஆனந்த் நாட்டின் முதல் கிராண்ட்மாஸ்டர். 1991-இல் கொல்கத்தாவின் திவ்யேந்து பருவா இரண்டாவது. பிறந்த ஊரும் பிழைக்க வந்த ஊரும் சேர்ந்து பெருமைப்படுகிற ஆட்டம் நமக்கு வேறு ஏது? ஆனால் நம் குழந்தைகள் போட்டி முடிந்து கூடத்தை விட்டு வெளியே வரும்போது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அப்பா செல்போனில் ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கிறார். ஸ்டாக்ஃபிஷ் போன்ற நிரல்கள் இலவசம். எந்த மனிதனையும்விட நன்றாக ஆடக்கூடியவை. அது பதினேழாவது நகர்த்தலுக்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி போடுகிறது. உடனே அப்பாவுக்குக் கோபம். "இதுகூடவா தெரியவில்லை? கோச்சுக்கு எவ்வளவு கொடுக்கிறேன் தெரியுமா?" ஸ்கூட்டரில் வீடு போய்ச் சேரும்வரை இதே பாட்டு.

அந்தக் கம்ப்யூட்டர் தீர்ப்புச் சொல்கிறது. இதைவிட எது நல்ல நகர்த்தல் என்றும் காட்டுகிறது. குழந்தை ஏன் அப்படி ஆடியது என்று மட்டும் அதற்குத் தெரியாது. அது குழந்தைக்குத்தான் தெரியும். குழந்தையை யாரும் கேட்கவில்லை.

இதன் பலனை நான் கண்ணால் பார்க்கிறேன். ஒரு பையன், ஒன்பது வயது இருக்கும், ஒவ்வொரு நகர்த்தலுக்கு முன்னாலும் கூடத்து ஜன்னல் பக்கம் திரும்பி அப்பாவின் புருவத்தைப் பார்த்தான். தொட்ட காயை ஆட வேண்டும் என்பது விதி. அந்தப் பையன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். முதலில் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தும்படி காய்களைத் தியாகம் செய்து தாக்கியவன், பிறகு பாதுகாப்பான நகர்த்தல்களையே ஆடினான். அதற்கப்புறம் வரவேயில்லை. போர்டு பரணில் இருக்கிறதாம்.

"கண்டிப்பு இல்லாமல் முன்னேற முடியுமா?" என்று கேட்பார்கள். கண்டிப்பு வேண்டும். ஆனால் திட்டுவது கண்டிப்பே இல்லை. திட்டு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். தலையைக் குனிந்துகொண்டால் போதும். "ஏன் ஆடினாய், அப்போது என்ன நினைத்தாய், எதிராளி என்ன ஆடுவான் என்று எதிர்பார்த்தாய்?" என்று நிதானமாகக் கேட்டால் தப்பிக்க முடியாது. யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். தன் காரணத்தில் ஓட்டை எங்கே என்று குழந்தைக்கே தெரிந்துவிடும். மறுபடி அந்த ஓட்டையில் விழாது.

ரயில்வேயில் வேலை பார்த்தவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். பெரிய விபத்து நடந்தால் விசாரிக்கிற ரயில்வே பாதுகாப்பு ஆணையம், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. ரயிலை ஓட்டுகிறவர்களே தங்களை விசாரித்துக்கொள்ளக் கூடாது என்பது அதில் உள்ள தத்துவம். "டிரைவர் சிக்னலைத் தாண்டினார்" என்பதோடு நல்ல விசாரணை நின்றுவிடாது. ஏன் தாண்டினார், சிக்னல் அவர் கண்ணுக்குத் தெரிந்ததா என்று போகும். செஸ்ஸிலும் பணம் கட்டுகிற அப்பாவே விசாரணை அதிகாரியாகவும் இருந்தால் தண்டனைதான் கிடைக்கும், காரணம் கிடைக்காது.

ஆகவே சங்கத்தின் நிர்வாகக் குழுவுக்கு என் யோசனைகள். அடுத்த குழந்தைகள் போட்டியில் பெற்றோர்கள் கூடத்துக்கு வெளியே, ஜன்னலுக்கும் எட்டாத தூரத்தில், காபியோடு உட்காரட்டும். குழந்தைகள் ஆட்டத்தை எழுதி வைக்கப் பழகட்டும். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் பத்து நிமிஷம் அதே பலகையில் உட்கார்ந்து, செல்போன் இல்லாமல், ஏன் ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளட்டும். பெரிய ஆட்டக்காரர்களிடம் இந்தப் பழக்கம் காலங்காலமாக உண்டு, போஸ்ட்மார்ட்டம் என்பார்கள். அப்புறம், கூடம் முழுவதையும் கோச்சிங் வகுப்புக்கே கொடுத்துவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. தயவுசெய்து ஓரமாக இரண்டு பலகைகளைப் பெரியவர்களுக்கு விட்டு வையுங்கள். தோற்றுவிட்டுச் சிரிக்கிற மனிதர்களைக் குழந்தைகள் எங்காவது பார்க்க வேண்டாமா?

ஆட்டத்தை எழுதும்போது படுமோசமான நகர்த்தலுக்கு இரண்டு கேள்விக்குறி போடுவது வழக்கம். கேள்விக்குறி போட்டுவிட்டால் கேள்வி கேட்டதாக ஆகிவிடாது. அடுத்த முறை குழந்தை தோற்று வெளியே வந்தால், செல்போனைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, ஒரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்து, அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேளுங்கள். ராணி தனியாக இருந்தால் போர் அடிக்கும் என்பது போன்ற ஒரு பதில் உங்களுக்கும் கிடைக்கலாம்.