வெறுங்கையோடு அனுப்பாதே

தியானப் பகுதி: உபாகமம் 15:12-18



ஆறு ஆண்டுகள் உழைத்த அடிமையை ஏழாம் ஆண்டில் விடுதலை செய்வதோடு எஜமானின் கடமை முடிந்துவிடுவதில்லை என்கிறது இப்பகுதி. மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாய்க் கொடுத்தே அவனை அனுப்ப வேண்டும். ஆடும் தானியமும் வெறும் வழிச்செலவு அல்ல; புதிதாய்ப் பிழைப்பைத் தொடங்குவதற்கான மூலதனம்.

நிலக்கரிச் சுரங்கங்களை மூட வேண்டும் என்று இன்று திருச்சபைகளும் குரல் கொடுக்கின்றன. படைப்பைக் காப்பது நம் பொறுப்பு. அதை நான் மறுக்கவில்லை. சுரங்கம் மூடிய மறுநாள் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரியுமா என்று கேளாத பக்தியையே மறுக்கிறேன். "வேறு வேலை கிடைக்கும்" என்கிறோம். உணவும் உடையும் இல்லாதவனை வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிடுகிறவர்களை யாக்கோபு கடிந்துகொண்டது மறந்துவிட்டதா?

வழி இல்லை என்று சொல்லாதீர்கள். தன் ஆழ்நிலக்கரிச் சுரங்கங்களை 2018-க்குள் மூடுவதற்கு ஜெர்மனி 2007-இலேயே சட்டம் இயற்றியது. மூத்த தொழிலாளருக்கு ஓய்வூதியம் தொடங்கும்வரை உதவித்தொகை. இளையோருக்கு மாற்றுப் பணியும் பயிற்சியும். 2018 டிசம்பர் 21 அன்று போட்ராப் நகரில் கடைசிச் சுரங்கம் ஓய்ந்தது. பிரிட்டனிலோ, 1984-இல் 20 சுரங்கங்களை மூடும் அறிவிப்பு ஓராண்டு வேலைநிறுத்தத்தை மூட்டியது, தொழிலாளர் தோற்றனர், சுரங்கங்கள் அடுத்தடுத்து மூடப்பட்டன. வெளியேறியோருக்கு ஒரு தொகை கிடைத்தது. பல ஊர்களுக்கு மாற்று வேலை வரவில்லை. காசு கொடுத்தார்கள், களத்தைக் கொடுக்கவில்லை.

நம் நாட்டில்? தன்பாத், ஜரியா பகுதிகளில் ஒரு சுரங்கம் நின்றால் நிரந்தரத் தொழிலாளியை வேறு சுரங்கத்துக்கு மாற்ற இயலும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த வாசல் இல்லை. கரிமூட்டைகளை மிதிவண்டியில் ஏற்றித் தள்ளிச் செல்பவனின் பெயரோ எந்தச் சம்பளப் பதிவேட்டிலும் இல்லை. 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்ஜியமாக்குவோம் என்று 2021-இல் கிளாஸ்கோவில் இந்தியா அறிவித்தது. அந்தக் கணக்கில் இவர்களைச் சேர்த்தவர் யார்?

ஆகவே, மூடும் தேதிக்கு முன்பே பெயர்ப்பட்டியல் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியும் அதில் இடம்பெற வேண்டும். மாற்றுப் பிழைப்பு அதே ஊருக்கு வர வேண்டும். இதைக் கேட்பது அரசியல் அல்ல, நியாயப்பிரமாணம்.

நம் ஆலய விளக்குகளும் மின்விசிறிகளும் அவர்கள் வெட்டிய கரியால் இயங்கின. எகிப்தில் நீயும் அடிமையாயிருந்தாய் என்று இஸ்ரவேலுக்கு நினைவூட்டிய தேவன், இன்று நமக்கு எதை நினைவூட்டுகிறார்?

சிந்திப்போம். ஜெபிப்போம். ஜெபித்தபின் பேசுவோம்.