கடைசியில் காட்டப்படும் வேட்பாளர்: எல்லைத் தொகுதிகள் குறித்துச் சங்கத்தின் நிலைப்பாடு

வரும் சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவை அழுத்தச் சொல்லி உறுப்பினர்களுக்கு அறைகூவல் விட வேண்டும் என்று கேரளத் தமிழர்களின் இந்தச் சங்கத்துக்கு இடுக்கி மலைக் கிளைகள் சிலவற்றின் தீர்மானங்கள் வந்தன. தேர்தலையே புறக்கணிக்க வேண்டும் என்றது பாலக்காட்டுக் கிளை ஒன்று. செயற்குழு நெடுநேரம் விவாதித்தது, குரல்களும் உயர்ந்தன. முடிவு இதுதான்: புறக்கணிப்பு இல்லை. நோட்டாவுக்கு அறைகூவலும் இல்லை. எந்த அணிக்கும், இன்றைய நிலையில், ஆதரவும் இல்லை. இது வழவழா முடிவு என்று முகத்துக்கு நேரே சொன்ன உறுப்பினர்கள் உண்டு. அவர்களுடைய கோபம் எங்கிருந்து வருகிறது என்பது சங்கத்துக்குத் தெரியும். கட்சிகளுக்கும் தெரியட்டும் என்றே இந்த அறிக்கை.

மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956 நவம்பர் 1, அதற்குப் பரிந்துரை தந்த ஃபசல் அலி ஆணையம், தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டு நேசமணி மூணாற்றுக்கு வந்து நடத்திய போராட்டம் ஆகியவற்றை உறுப்பினர்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியதில்லை. எல்லையை மாற்றக் கேட்பது சங்கத்தின் வேலையும் அல்ல. கேரளத்தின் வாக்காளர்களாக, கேரளத்தின் கட்சிகளிடம்தான் இந்தக் கேள்வி: எங்கள் தொகுதிக்கு யாரை நிறுத்துகிறீர்கள், அவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

தேவிகுளத்தின் கடந்த ஐந்து ஆண்டுகளை எடுத்துக்கொள்ளலாம். 2006, 2011, 2016 என்று மூன்று முறை மார்க்சிஸ்ட் கட்சிக்காக வென்ற எஸ். ராஜேந்திரனுக்கு 2021-இல் இடம் தரப்படவில்லை, ஏ. ராஜா நிறுத்தப்பட்டார். தேசிய ஜனநாயகக் கூட்டணி சார்பில் அதிமுக நிறுத்திய தனலட்சுமியின் வேட்புமனு, படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் சரியாக நிரப்பப்படவில்லை என்று தள்ளுபடியானது. 2016-இல் இதே தொகுதியில் 11 ஆயிரத்துக்கு மேல் வாக்கு வாங்கியவர் அவர். அந்தத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் ஆறாயிரத்தைக்கூட எட்டவில்லை. அத்தனை பேரின் தேர்வு ஒரு படிவத்தில் காணாமல் போயிற்று. வாக்கு கேட்க, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள்தோறும் ஏறி இறங்கும் கட்சிக்கு, ஒரு படிவத்தை ஒருமுறை படித்துப் பார்க்க ஆள் இல்லை.

காங்கிரசின் டி. குமாரை 7,848 வாக்கு வித்தியாசத்தில் வென்ற ராஜா தமிழில் உறுதிமொழி எடுத்தார். அதன் வாசகம் குறைபட்டிருந்ததால் மறுபடி எடுக்கவேண்டி வந்தது. 2022 ஜனவரியில், ராஜாவைத் தோற்கடிக்க வேலை செய்தார் என்ற குற்றச்சாட்டில் ராஜேந்திரன் ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். 2023 மார்ச் 20 அன்று கேரள உயர் நீதிமன்றம் ராஜாவின் வெற்றியே செல்லாது என்றது: அவர் கேரளத்துக்குள் இந்துப் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர் அல்ல, பட்டியல் சாதிக்கு ஒதுக்கிய தொகுதியில் நிற்கத் தகுதியில்லை என்பது தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: அவைக்குப் போகலாம், வாக்களிக்கக் கூடாது. 2025 மே 6 அன்று இறுதித் தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு ரத்தாயிற்று; பதவிக்காலம் முழுவதற்கும் உரிய பலன்களை ராஜாவுக்கு வழங்கவும் உத்தரவாயிற்று. ராஜாவுக்கு நின்றுபோயிருந்த சம்பளம் திரும்பி வந்தது. தேவிகுளத்து மக்கள் சார்பில் பேரவையில் விழாமல் போன வாக்கு எதுவும் திரும்பி வரவில்லை. 2026 ஜனவரியில் ராஜேந்திரன் பாஜகவில் சேர்ந்தார்.

இதில் நீதிமன்றங்களையோ ராஜாவையோ குறை சொல்வது சங்கத்தின் நோக்கமல்ல. வழக்கு வரும் என்று தெரிந்தும் ஆவணங்களை முன்கூட்டியே மக்கள் முன் வைக்காத அரசியலைத்தான் சங்கம் கேட்கிறது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இந்த வழக்குக்கு அடியில் கிடக்கிறது. அதைப் பற்றி எந்தக் கட்சியும் வாயைத் திறப்பதில்லை.

தேவிகுளத்தில் நிற்க சாதிச் சான்றிதழ் வேண்டும். அதற்கு, பட்டியல் சாதிகள் குறித்த குடியரசுத் தலைவர் ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இந்த மண்ணில் குடியேறியிருந்ததைக் காட்ட வேண்டும். நிலம் வைத்திருப்பவர் பழைய ஆதாரத்தைத் தூசி தட்டி எடுத்துக் கொடுத்துவிடுவார். லயத்தில் பிறந்து, லயத்தில் பிள்ளை பெற்று, ஓய்வு பெற்ற மறுமாதம் வீட்டுச் சாவியைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டு மலையிறங்கும் குடும்பம் எதை எடுத்துக் கொடுக்கும்? வில்லேஜ் ஆபீஸ் மேசையில் அவர்கள் வைக்கும் காகிதங்கள் உறுப்பினர்களுக்குப் பழக்கமானவை: பி.எஃப். எண் எழுதிய அட்டை, மடிப்பில் கிழிந்த செக்ரோல் தாள், ரேஷன் அட்டை. தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது 1951-இல். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் 1952-இல். அதாவது, தொழிலாளியின் பெயரை ஒழுங்காக எழுதி வைக்கக் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்திய சட்டங்களே அந்தக் கெடு தேதிக்குப் பிறகுதான் வந்தன! அரசு கேட்பது, தொழிலாளி பெயரை எழுதி வைக்க யாருக்கும் அவசியம் இல்லாத காலத்து ஆதாரத்தை.

மூணாற்றுத் தோட்டங்கள் ஃபின்லேயிடமிருந்து டாட்டாவுக்கும், 2005-இல் கண்ணன் தேவன் கம்பெனிக்கும் கை மாறியவை. குண்டளை ரயில்பாதையையே 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஊர் இது. தாத்தா பெயர் எழுதிய ஏட்டை எங்கே போய்த் தேடுவது? அந்தக் காலத்தில் பிறப்பையும் திருமணத்தையும் சாவையும் ஓரளவு எழுதி வைத்த இடம் தேவாலயம். அந்தப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தால் குடியிருப்பு நிரூபணமாகும், சாதித் தகுதி போய்விடும். ராஜாவின் வழக்கும் பெருமளவு தேவாலயப் பதிவேடுகளைச் சுற்றியே நடந்தது. உச்ச நீதிமன்றம் அவருடைய குடும்பம் 1950-க்கு முன்பே இங்கு இருந்ததை ஏற்றது. அதற்கு ஒரு சட்டமன்ற உறுப்பினரும், அவருடைய கட்சியும், மூத்த வழக்கறிஞர்களும், நான்கு ஆண்டுகளும் தேவைப்பட்டன. கொளுந்து கிள்ளும் பெண்ணின் மகள் கல்லூரிச் சேர்க்கைக்கு அதே சான்றிதழைக் கேட்டு நிற்கும்போது அவளுக்காக வாதாட யார் வருவார்?

வேட்பாளர் தரம் என்று கட்சிகள் பேசும்போது சங்கத்துக்குக் கோபம் வருவது இங்கேதான். தனித் தொகுதி என்பது தோட்டத்து மக்களுக்காக ஒதுக்கியது போலத் தோன்றும். நடைமுறையில் அது, தோட்டத்து மக்களில் காகிதம் கிடைத்த ஒரு சிறு பகுதிக்கு ஒதுக்கியது. அந்தச் சிறு பகுதிக்குள் எந்தப் பிரிவுக்கு எத்தனை வாக்கு என்று கூட்டிக் கழித்து ஒருவரை எடுக்கிறார்கள். பிறகு, நல்ல ஆள் கிடைக்கவில்லை என்கிறார்கள். சான்றிதழ் கிடைக்கவிடாமல் செய்த நிர்வாகத்தை எழுபது ஆண்டாக மாறி மாறி நடத்தியவர்கள் யார்?

ஆள் இல்லாத ஊர் அல்ல இது. 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, தொழிற்சங்கத் தலைவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு மூணாற்றுச் சாலையை ஒன்பது நாள் மறித்தவர்கள் பெண்கள். பொம்பளை ஒற்றுமை என்ற பெயரில் அவர்கள் பேசி முடித்து 20 சதவீதத்தை வாங்கினார்கள். இரண்டே மாதத்தில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களை வென்றார்கள். அடுத்த ஆண்டு சட்டமன்றத் தேர்தலுக்குள் அந்த அணி உடைந்தது. அதன் முகமாக இருந்த கோமதி மார்க்சிஸ்ட் பக்கம் போனார். நின்ற வேட்பாளருக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாக்கு விழவில்லை. இதில் அந்தப் பெண்களின் பிழையும் உண்டு என்று செயற்குழுவில் ஒரு பகுதியினர் கருதுகின்றனர். ஆனால் அந்தப் போராட்டத்திலிருந்து ஒரு பெண்ணைக்கூடத் தேவிகுளத்துக்கு வேட்பாளராக யோசிக்காத பெரிய கட்சிகளை என்ன சொல்வது? யோசிக்காதது மட்டுமல்ல, 2017-இல் பதவியில் இருந்த அமைச்சர் எம்.எம். மணி அந்தப் பெண்களைப் பற்றி மேடையில் பேசிய பேச்சையும் மலை மறக்கவில்லை.

2020 ஆகஸ்டில் பெட்டிமுடியில் லயங்கள் மண்ணுக்குள் போய் 70 பேரைப் பறிகொடுத்த பிறகும் பொதுவெளியின் கவனம் எப்படி இருந்தது என்று உறுப்பினர்களுக்குத் தெரியும். 2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலில் மூணாறு நல்லதண்ணி வார்டில் பாஜக நிறுத்திய பெண்ணின் பெயர் சோனியா காந்தி என்பதற்காக நாடு முழுவதும் செய்தி ஓடியது. வார்டின் லயங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பது செய்தியாகவில்லை.

பீர்மேட்டில் 2025 ஆகஸ்டில் சட்டமன்ற உறுப்பினர் வாழூர் சோமன் காலமானார். பதவிக்காலம் ஓராண்டுக்கும் குறைவு என்பதால் இடைத்தேர்தல் இல்லை. அங்கே 2000-இல் மூடிய பீர்மேடு டீ கம்பெனித் தோட்டங்கள் ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதியாகத் திறக்கின்றன.

பாலக்காட்டுக் கிளைகளின் மனத்தாங்கல் வேறு வகை. சித்தூர் பொதுத் தொகுதி. அங்கே காகிதச் சிக்கல் இல்லை, முகச் சிக்கல்தான். 1996 முதல் இருபது ஆண்டு காங்கிரசின் கே. அச்சுதன். 2016-இல் அவரைத் தோற்கடித்து ஜனதா தளத்தின் கே. கிருஷ்ணன்குட்டி. 2021-இல் கிருஷ்ணன்குட்டியை எதிர்த்து அச்சுதனின் மகன் சுமேஷ். இவர்களுடைய உழைப்பை, குறிப்பாக ஆழியாற்றுத் தண்ணீர் விஷயத்தில், சங்கம் மறுக்கவில்லை. ஆனால் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பஞ்சாயத்துகளின் தமிழ் வாக்காளருக்கு முப்பது ஆண்டாக ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது: இந்த வீடா, அந்த வீடா? பிளாச்சிமடையில் கோக்கோ கோலா ஆலை 2004-இல் நின்றது. இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதா 2011-இல் பேரவையில் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்காமலே போனது. கிணறு கெட்டுப்போன குடும்பங்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றன.

தமிழரை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சங்கம் சொல்லவில்லை. இந்தப் பத்தி வேண்டாம் என்று குழுவில் சிலர் கேட்டனர். பெரும்பான்மை வேண்டும் என்றது. முதலமடை கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் 2017-இல் சக்கிலியர் குடும்பங்கள் தனிக் குவளை, தனிக் குழாய் என்று புகார் சொன்னபோது, எதிர்த் தரப்பில் தமிழ் பேசுபவர்களும் நின்றார்கள். அந்த ஊரில் வாக்கு கேட்கப் போகும் வேட்பாளர் எந்தக் குவளையில் டீ குடிக்கிறார் என்பதையும் சங்கத்தின் கிளைகள் கவனிக்க வேண்டும்.

இரட்டை வாக்கு குறித்து: தேனியில் ஒரு வாக்கு, இடுக்கியில் ஒரு வாக்கு என்பதைச் சங்கம் ஆதரிக்கவில்லை, அதைச் சாக்கிட்டு போடிமெட்டிலும் கம்பம்மெட்டிலும் ஒவ்வொரு தமிழ்த் தொழிலாளியையும் சந்தேகத்தோடு நிறுத்துவதையும் ஏற்கவில்லை.

இனி நோட்டா. 2013-இல் உச்ச நீதிமன்றம் தந்த உரிமை அது. அழுத்தும் உறுப்பினரைச் சங்கம் கண்டிக்காது. அறைகூவல் விட மறுப்பதற்குக் காரணம், சட்டமன்றத் தேர்தலில் நோட்டா முதலிடம் பிடித்தாலும் அடுத்த இடத்தில் இருப்பவர் வென்றதாகவே அறிவிக்கப்படுவார் என்பதுதான். மகாராஷ்டிரமும் ஹரியாணாவும் 2018-இல் உள்ளாட்சித் தேர்தல்களுக்கு இந்த விதியை மாற்றி, நோட்டா வென்றால் மறுதேர்தல் என்றன. கேரளப் பஞ்சாயத்துத் தேர்தலிலோ நோட்டாவே கிடையாது. வாக்களிக்க விருப்பமில்லாதவருக்கு ‘எண்ட்’ என்று ஒரு பொத்தான் மட்டும். பல் இல்லாத பொத்தானை நம்பிப் பத்தாயிரம் பேரை அனுப்பிவிட்டு, மறுநாள் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்வதில் சங்கத்துக்கு, கொள்கையளவில், உடன்பாடில்லை. புறக்கணிப்போ, கட்சிகளுக்குக் கிடைக்கும் விடுமுறை.

அதனால் சங்கம் கேட்பது இது. பட்டியலை வெளியிடும் முன் மூன்று அணிகளும் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர் தொகுதிகளுக்குப் பரிசீலனையில் உள்ளவர்களை மூணாற்றிலும் வண்டிப்பெரியாரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் மக்கள் முன் நிறுத்தட்டும். படிவம் 26-உம், தனித் தொகுதியானால் சாதிச் சான்றிதழும் அங்கேயே கையில் இருக்கட்டும். தமிழில் கேள்வி கேட்டால் தமிழில் பதில் சொல்லட்டும். வர மறுக்கும் அணியின் பெயரைச் சங்கம் துண்டறிக்கையாக அச்சிட்டு ஒவ்வொரு லயத்திலும் ஒட்டும்; இதில் குழுவில் இரண்டு கருத்து இல்லை. சான்றிதழ் விஷயத்தில், 1951-க்குப் பிந்தைய தோட்டப் பதிவுகளையும் பள்ளிச் சேர்க்கைப் பதிவுகளையும், தாத்தா காலத்துக் குடியிருப்புக்கு உள்ளூர் விசாரணையோடு சேர்த்து ஆதாரமாக ஏற்க வேண்டும் என்று எழுத்தில் உறுதி தரும் வேட்பாளரைப் பற்றி மட்டுமே சங்கம் மேற்கொண்டு பேசும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1950-க்கு முந்தைய எஸ்டேட் ஏட்டுத் துண்டு, கங்காணிக் கணக்கு, பள்ளிப் பதிவு, கூலிச் சீட்டு என்று வீட்டில் எது இருந்தாலும், டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தாலும், அசலை யாரிடமும் கொடுக்காமல் நகல் எடுத்து, குடும்பத் தலைவர் பெயரும் தோட்டத்தின் பெயரும் எழுதி, இந்த மாதக் கடைசிக்குள் கிளைச் செயலாளரிடம் சேர்க்கவும்.